கழுவக் கூடாத தரை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அந்த வருடம் மழை அதிகம் என்றுதான் என் மனம் சொல்கிறது. அக்காவைக் கேட்டால், "மழையா? துவைச்சுப் போட்ட போர்வை ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்ச வருஷம்டா அது" என்கிறாள். துணி காய்வதைப் பற்றி அவள் சொன்னால் தப்பாக இருக்காது. கோழிக்கூண்டின் தரை ஈரமாகக் கிடந்தது எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருப்பதால், அதற்கு ஏற்ற மாதிரி ஒரு மழையை நானே பின்னால் பெய்ய வைத்துக்கொண்டேனோ என்னவோ.

கோழிகள் ஆறு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கதவை நெம்பித் திறந்தால் உள்ளே ஆள் இல்லை. ஓர் அட்டைப்பெட்டியில் ஆறு கோழிக்குஞ்சுகள் இருந்தன. எட்டு மாடியிலும் கேட்டுப் பார்த்தாயிற்று, யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. "திறந்தது நீங்க. அப்போ நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார் காவலாளி. எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லாததால் எடுத்துவந்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் சொன்னதுமில்லை. யாரும் இரண்டாவது முறை கேட்டதுமில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றால் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசத் தேவையிருக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்படியே வீட்டுக்கு வந்து, அப்படியே ஒரு புத்தகத்தைப் பிரித்து, அப்படியே தூங்கிப்போகிற ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுவான் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. கோழிகள் வந்த பிறகு மாலையில் ஒரு மணி நேரம் கம்பிவலைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன். அவை என்னைப் பார்த்து ஏதோ கேட்கும். நான் ஏதோ சொல்வேன். எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்த சிவப்புக் கோழிக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தேன். தலை நிமிராமல் கொத்திக்கொண்டே இருந்தது 'டைப்பிஸ்ட்'. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் ஓட்டினேன் என்று சொன்னால் மிகை இல்லை.

முதல் வருடம் விடுமுறை நாள் ஒன்று விடாமல் கூண்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். மறுநாளே நாறும். மறுபடி கழுவுவேன், மறுபடி நாறும். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கொல்லைப்புற மரத்தின் சருகுகள் உதிர்ந்து குவியும் மூலையில் மட்டும் நாற்றம் இல்லை. கோழிகள் அங்கேதான் அதிகம் கிளறின, அங்கேதான் அதிகம் எச்சமிட்டன. ஆனாலும் அந்த இடம் மண்வாசனையோடு இருந்தது.

அதன் பிறகு கழுவுவதை நிறுத்தினேன். மேலே கூரைத் தகடு போட்டு, பன்னிரண்டுக்கு எட்டடி அடைப்பு முழுவதும் சருகையும் மரச்சாமான் பட்டறையில் வாங்கிய மரச்சீவலையும் முழங்காலில் பாதி உயரத்துக்குப் பரப்பினேன். காலையில் ஒரு பிடி தானியத்தை அதற்குள் வீசுவேன். கோழிகள் அதைத் தேடிக் கிளறும். கிளறக் கிளற எச்சம் அடியில் போய் மட்கும். அவை ஏறி அடைகிற கம்புக்குக் கீழே ஒரு பலகை, அதில் மணலும் சாம்பலும். இரவில் விழுந்ததைக் காலையில் ஒரு ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்து உரக்குழியில் கொட்டிவிடுவேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. குடிதண்ணீர் சிந்தாமல் இருக்க ஒரு வாளியைத் தொங்கவிட்டு அதன் அடியில் கொத்தினால் மட்டும் சொட்டுகிற முனைகளைப் பொருத்தினேன். லிஃப்டுக்கு எதிர் எடை எப்படியோ, கூண்டுக்குச் சருகு அப்படி. பாரத்தை இன்னொன்று சுமந்துகொள்ளும், மோட்டார் லேசாகத் தள்ளினால் போதும். அந்தத் தரைக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. தண்ணீர்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருடம் அக்கா வந்தாள்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள். ஓய்வு பெற்ற மாதமே அவள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். அத்தான் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு பைகளோடு வாசலில் வந்து நின்று, "பத்து நாள் இருந்துட்டு வேற இடம் பார்த்துப் போயிடுறேன்" என்றாள். நான் உள்ளறையைக் காட்டினேன். பத்து நாள் கழிந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவள் கைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விரல் மடிப்புகள் வெடித்து, உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. தண்ணீர், சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதிலும் கையை வைக்கக் கூடாது என்று தோல் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாத்திரம் கழுவுவதையும் துணி துவைப்பதையும் நான் எடுத்துக்கொண்டேன். "கையை நனைக்காதே" என்பது அந்த நாட்களில் நான் அவளிடம் அதிகம் சொன்ன வாக்கியம். அநேகமாக நான் சொன்ன ஒரே வாக்கியம்.

வந்த மறுநாள் காலை கூண்டைப் பார்த்தவள் மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"என்னடா இது? குப்பைமேட்டுல கோழியா, கோழிக்காகக் குப்பைமேடா?"

"அது அப்படித்தான்."

"எப்போ கழுவினது?"

"கழுவுறதில்ல."

"கழுவுறதே இல்லையா!" அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "அது சரி, சின்ன வயசுல உன்னைக் குளிக்க வைக்கவே ரெண்டு பேர் வேணும். இது என்ன, ஜல்லிக்கரண்டியா?"

"கூண்டுக்குன்னு தனியா வாங்கினது."

"நல்லவேளை. சுத்தம் சோறு போடும்டா. எனக்கு நிஜமாவே முப்பத்தொரு வருஷம் போட்டிருக்கு."

அப்போது நான் விளக்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சருகைக் கிளறிக் காட்டி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் மூக்கருகே நீட்டியிருந்தாலே போதும். நான் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது முதல் தடவையாக நாற்றம் வந்தது. மூக்கைக் குத்துகிற காரம். சருகைக் கிளறினேன். மேலே உலர்ந்திருந்தது, அடியில் ஈரம். கூரைத் தகட்டைப் பார்த்தேன், ஓட்டை இல்லை. வாளியைப் பார்த்தேன், கசிவு இல்லை.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. மேலே காய்ந்தும் கீழே நனைந்தும் ஒரு தரை இருந்தால் லிஃப்ட்காரனுக்கு ஒரே பதில்தான் தெரியும்: நிலத்தடி ஊற்று. எத்தனை குழிகளில் முழங்கால் அளவு தண்ணீரை இறைத்திருக்கிறேன்! நான்கு தூறல் விழுந்தால் போதும், மண் குடித்து வைத்திருந்து பத்து நாள் கழித்துச் சுவர் வழியே கக்கும். ஆகவே இரண்டு விடுமுறை நாள் செலவழித்து, அடைப்பைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதில் சரளைக்கல் நிரப்பினேன். அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"இவ்வளவு ஆழம் வேணுமா?" என்றாள்.

"ம்."

"தண்ணி கீழேயிருந்துதான் வருதா?"

"வேற எங்கேயிருந்து வரும்?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியது.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் வீடு. கீழ்த்தளத்தின் பின் அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். அந்த அறையின் ஜன்னல் எங்கள் கூண்டை நோக்கித் திறக்கும். மூன்று வருடமாகச் சுவருக்கு மேல் தலையாட்டிக்கொள்வதோடு சரி. ஒருநாள் மாலை அவர் தலை சுவருக்கு மேல் வந்தது, ஆனால் ஆடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கோழி மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல."

"சொல்லுங்க டாக்டர்."

"என் தொழில்ல ஒரு சிக்கல் இருக்கு. என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்து வெச்சுக்கணும். வாயைத் திறந்தவன் மூக்கை மூடிக்கவும் முடியாது. நேத்து ஒருத்தர் பாதி பல்லோட எழுந்து போயிட்டார்."

"ஊற்றுத் தண்ணி டாக்டர். வாய்க்கால் வெட்டியிருக்கேன். சரியாயிடும்."

"பத்து நாளா அந்த வாய்க்காலைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், நாத்தம் ஏறிக்கிட்டேதான் இருக்கு. இன்னிக்குக் காலையில புகார் எழுதிக் கொடுத்துட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லிடணும்னுதான் காத்திருந்தேன்."

நான் சரி என்றேன். நியாயமான மனிதர். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் வந்து சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வாரமே சுகாதார ஆய்வாளர் வந்தார். கையில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு படிவம். கூண்டருகே நின்று ஒரு மூச்சு இழுத்தார், உடனே வெளியே விட்டார். "பதினாலு நாள். திரும்ப வரும்போது இதே நாத்தம் இருந்தா கோழிங்களை அப்புறப்படுத்தியே ஆகணும். விதி அது. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மேனேஜர் வலைக்கு அருகே வந்து கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இவை போய்விட்டால் நான் எங்கே உட்காருவேன் என்று மட்டும் யோசித்தேன். அடுத்த பன்னிரண்டு நாளும் மரச்சீவல் மூட்டைகளை வாங்கிவந்து கொட்டிக்கொண்டே இருந்தேன். கொட்டியது எல்லாம் இரண்டாம் நாள் நனைந்தது.

பதின்மூன்றாம் நாள் வேலை செய்யப்போன கட்டடத்தில் மின்சாரம் இல்லை. பதினோரு மணிக்கே வீடு திரும்பினேன். அக்கா உள்ளே இல்லை. கொல்லையில் இருமல் சத்தம்.

அடைப்பின் பாதிச் சருகு ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கோழிகள் கோடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒடுங்கியிருந்தன. நடுவில், நனைந்த தரையில் அக்கா குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, பிளீச்சிங் பவுடர் டப்பா. நாற்றம் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் பக்கத்து வலையைப் போர்வையால் மூடியிருந்தாள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை.

தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். போர்வையைப் பிய்த்து எறிந்தேன். அவள் கொல்லைப் படியில் உட்கார்ந்து இருமினாள், இருமினாள், நிற்கவே இல்லை. சுவருக்கு மேல் டாக்டரின் தலை தெரிந்தது. ஒரு நொடி பார்த்தார், மறுநொடி சுவரேறிக் குதித்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைக் கோட்டோடு.

"பிளீச்சிங்கா? எச்சத்து மேலயா? ரெண்டும் சேர்ந்தா விஷப்புகைங்க! காத்துல உட்கார வைங்க. கண்ணுல தண்ணி அடிங்க, நல்லா அடிங்க."

கால் மணி நேரத்தில் இருமல் தணிந்தது. டாக்டர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார், நாடி பார்த்தார். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார்.

"முப்பத்தொரு வருஷம் அங்கதான் இருந்தேன். இனிமே படுக்கவும் அங்கேயா போகணும்?" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

டாக்டர் சிரித்தார். தன் நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வர, இம்முறை வாசல் வழியாக ஓடினார்.

நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. பச்சைப் புண். வெயில் ஒரு படி கீழே இறங்கியிருந்தது.

"எப்போதிலிருந்து?" என்றேன்.

"வந்த மூணாம் நாள்லேர்ந்து. நீ வேலைக்குப் போனதும். ஒரு நாளைக்கு ஒரு மூலை. கழுவிட்டு, மேல காய்ஞ்ச சருகைப் பரப்பிடுவேன். படுக்கைக்கு விரிப்பு போடுற மாதிரி. அடியில என்ன இருந்தாலும் மேல சுருக்கம் தெரியக் கூடாது. அதுல நான் கெட்டிக்காரி."

"ஏன் மறைச்சே?"

"கையை நனைக்காதேன்னு நீதான் திட்டிக்கிட்டே இருந்தியே." சிறிது நிறுத்தினாள். "சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெரியாதுடா. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு ஆரம்பிச்சேன். நாத்தம் வந்துச்சு. சரியாக் கழுவலை போலன்னு இன்னும் கழுவினேன். அந்த அட்டைக்காரர் வந்துட்டுப் போனப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. நாளைக்கு அவர் திரும்ப வர்றார்னுதான் இன்னிக்குப் பிளீச்சிங்கை எடுத்தேன். என் கண்ணு முன்னாடி இதுங்களைத் தூக்கிட்டுப் போனா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருப்பேன்?"

"நான் வாய்க்கால் வெட்டினப்போ சொல்லியிருக்கலாமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு. நீ ஒவ்வொரு கல்லா அடுக்கிட்டு இருந்தே. அவ்வளவு வேலையும் வெட்டி வேலைன்னு எப்படிச் சொல்றது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லலை, சரி. நீ சொன்னியா? இது எப்படி நடக்குது, ஏன் கழுவக் கூடாதுன்னு ஒரு வார்த்தை? பேசினா முத்து உதிர்ந்துடுமா? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அவள் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எழுந்துபோய் அடைப்பின் கோடியில், மணல் பலகைக்கு அடியில் அவள் கை எட்டாத மூலையிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்தேன். கறுத்த, உதிரியான பொடி. அவள் கையில் புண் என்பதால் என் கையிலேயே வைத்து அவள் மூக்கருகே நீட்டினேன். பிறகு பேசினேன். முதல் வருடம் இடுப்பு ஒடிந்ததிலிருந்து ஆரம்பித்து, சருகு உதிர்ந்த மூலை, தானியம் வீசுவது, கிளறுவது, மட்குவது, மணல் பலகை, சொட்டுகிற வாளி எல்லாம் சொன்னேன். வருடத்துக்கு ஒரு முறை பாதியை மட்டும் எடுத்துச் செடிகளுக்குப் போட்டுவிட்டுப் புதுச் சருகு போடுவதையும், பழைய பாதியை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அன்றுதான்.

"அப்போ அழுக்கை அழுக்கே தின்னுடுது" என்றாள்.

"காய்ஞ்சிருந்தா."

"நான் தினமும் அதுக்குத் தண்ணி காட்டிக் கொன்னுட்டு இருந்திருக்கேன்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. "முப்பத்தொரு வருஷம் எதைக் கண்டாலும் முக்கி எடுத்தவளுக்கு இது எங்கே புரியும்!"

பிற்பகல் முழுவதும் வேலை. டாக்டர் நோயாளிகள் இல்லாத நேரத்தில் ஒரு பெட்டி கையுறையும் ஒரு ஸ்டாண்டு மின்விசிறியும் சுவர் வழியாகக் கொடுத்தார். "புகார் கொடுத்தவனே மின்விசிறியும் கொடுக்கிறேன். வெளியே சொன்னா என்னைச் சிரிப்பாங்க" என்றார். ஈரச் சருகைப் பதினோரு மூட்டை கட்டி வெளியேற்றினேன். அக்கா இரண்டு கைக்கும் உறை மாட்டிக்கொண்டு, நனையாத மூலையில் மீந்ததைக் கூடையில் சேர்த்து வைத்தாள். பாலுக்கு உறை ஊற்றுவது போலப் புதுச் சருகுக்கு அது வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

மேனேஜர் சாயங்காலம் வரை நின்ற இடத்தில் நின்றது. மற்ற ஐந்தும் தெளிந்து வெளியே வந்து மேய்ந்தன. அது அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. போர்வை மூடியிருந்த பக்கத்தில் அதுதான் கடைசிவரை நின்றிருக்க வேண்டும், மற்றவற்றைப் பின்னால் தள்ளிவிட்டு. வெளிச்சம் குறைகிற நேரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்தது. நான் கையில் எடுத்தபோது கனமே இல்லாதது போலிருந்தது.

அக்கா உறைகளைக் கழற்றாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போயிடுச்சா?"

"ம்."

"அது என்னாலயா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். அல்லது வயசாயிடுச்சு என்று எதையாவது முணுமுணுத்திருப்பேன். அந்த மாதிரி மௌனங்களை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அன்று அப்படி இருக்க முடியவில்லை.

"ஆமாக்கா" என்றேன். "உன்னாலயும், என்னாலயும்."

அவள் தலையை அசைத்தாள். அழவில்லை. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க. நான் மிதிச்சுக் கோழியே செத்துடுச்சு" என்றாள். பிறகு மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழி வெட்டியபோது விளக்கை அவள் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று இம்முறை அவள்தான் சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்தார். தரை முக்கால்வாசிதான் காய்ந்திருந்தது. புதுச் சருகுக்கு அடியிலிருந்து ஈரமும் பிளீச்சிங்கும் கலந்த வாடை இன்னும் வந்தது. அவர் மூச்சை இழுத்தார். பேனாவை எடுத்தார்.

"நாத்தம் இருக்கே."

ஊற்றுத் தண்ணீர் என்று சொன்னால் எழுதிக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும். வாய்க்காலே சாட்சியாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"சார், இது என் தப்பு. நான்தான் கழுவினேன்."

"கழுவினீங்களா? நல்ல விஷயம்தானேம்மா."

"இல்ல சார். கழுவினதாலதான் நாறுது."

ஆய்வாளர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். நான் முந்தின நாள் சொன்னதை எல்லாம் அவள் அவருக்குச் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். சலவை, பிளீச்சிங், விரிப்பு, நான் வீணாக வெட்டிய வாய்க்கால், செத்துப்போன கோழி, எதையும் விடவில்லை. எனக்கு அவமானம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை.

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுல 'சுத்தம் செய்யாமை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. சுத்தம் செய்ததுக்குக் கட்டம் இல்லையேம்மா. நான் எதுல எழுதுறது?"

"உங்களுக்கு எது வசதியோ அதுல எழுதுங்க. ஆனா இன்னும் பத்து நாள் கொடுங்க."

"நானா கொடுக்க முடியாது. புகார் கொடுத்தவர் சம்மதிக்கணும்."

மூவரும் சுவரைப் பார்த்தோம். ஜன்னல் திறந்தே இருந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "இன்னிக்கும் நாறுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பத்து நாள் ஜன்னலை மூடி வெச்சுக்கிறேன். பதினோராம் நாள் திறப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, மன்னிக்கணும், கோழிங்க போய்த்தான் ஆகணும்."

"அது நியாயம்" என்றாள் அக்கா.

அந்தப் பத்து நாளும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் போகும்போதும் வரும்போதும் என்ன செய்தாள் என்று சொல்வாள், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பாள், பதில் வரும் வரை வழியை விட மாட்டாள். ஈரம் தெரிந்த இடத்தில் சருகை அள்ளி வெயிலில் உலர்த்தினாள். போர்வையை உலர்த்துவது போலவே புரட்டிப் புரட்டிப் போட்டாள். அந்த வேலைக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. நான்காம் நாள் காரம் குறைந்தது. ஏழாம் நாள் மாலை நான் முக்காலியில் உட்கார்ந்தபோது அவளும் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டாள். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை.

பதினோராம் நாள் டாக்டர் ஜன்னலைத் திறந்தார். ஆய்வாளரும் வந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு படிவத்தின் அடியில் ஒரு கோடு போட்டுப் புகாரை முடித்தார்.

ஆய்வாளரை அதன் பிறகு பார்க்கவில்லை. வேறு பகுதிக்கு மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள். டாக்டர் ஆறு வருடம் கழித்துத் தொழிலை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போனார். அந்த அறையில் இப்போது ஒரு கண்ணாடிக் கடைக்காரரின் சாமான்கள் இருக்கின்றன. ஐந்து கோழிகளும் ஒவ்வொன்றாக வயதாகி இறந்தன, டைப்பிஸ்ட்தான் கடைசி. வேறு கோழிகள் வந்தன. அக்காவின் கைகள் ஒரு வருடத்தில் ஆறிவிட்டன, இருமல் மட்டும் குளிர் நாட்களில் வரும். அவள் வேறு இடம் பார்க்கவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இருவரும் இதே வீட்டில்தான் இருக்கிறோம்.